'கண்டனான்', 'பார்த்தனான்': ஆங்கிலத்தின் 'சீ' உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் ஆங்கில மாலை வகுப்பு எடுக்கும் அறைக்கு ஒரு யன்னல் உண்டு. திறந்தால் இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுக் கடல். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம், வெளியே பார்த்து ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லச் சொன்னேன். "ஐ ஆம் சீயிங் த சீ, மிஸ்" என்றார். குரலில் தயக்கமே இல்லை. உச்சரிப்பும் நன்றாக இருந்தது. வசனம்தான் பிழை.

"ஏன் மிஸ் பிழை? நான் இப்ப பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்?"

நியாயமான கேள்வி. இதற்கு இலக்கணப் புத்தகத்தில் ஒரு பதில் இருக்கிறது: 'சீ' என்பது நிலையைக் குறிக்கும் வினை, அதனுடன் 'இங்' சேராது. பதில் சரிதான். ஆனால் கேட்டவர் அதை எழுதிக்கொள்வார், அடுத்த நாள் மறந்துவிடுவார். ஏனென்றால் அந்த விதி அவருக்கு எதையும் காட்டவில்லை. ஆகவே அன்று வேறு ஒன்றைக் கேட்டேன்.

"நேற்றுக் காலி வீதியில் நடந்து போகும்போது உங்கள் கூட்டாளி ஒருவர் எதிரே வந்தார் என்று வையுங்கள். வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வீர்கள்?"

"நேற்று அவனைக் கண்டனான் எண்டு சொல்லுவன்."

"பார்த்தனான் என்று சொல்ல மாட்டீர்களா?"

கொஞ்சம் யோசித்தார். "பார்த்தனான் எண்டா, வேணுமெண்டு பார்த்த மாதிரி இருக்கும் மிஸ்."

பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. ஆங்கிலத்தின் 'சீ' நம்முடைய 'காண்'. 'லுக்', 'வொட்ச்' இரண்டும் நம்முடைய 'பார்'. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வளர்ந்தவர்கள் இந்த வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு பெற்றவர்கள். கொழும்பு முஸ்லிம் நண்பர்களின் பேச்சிலும் 'கண்ட' என்பதை நிறையக் கேட்கலாம். மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் 'பார்த்தேன்' என்றே சொல்வார்கள். அவர்களுக்கும் கவலை இல்லை, 'காணோம்', 'கண்டுபிடி', 'கண்டதும்' என்ற சொற்களில் அதே 'காண்' அவர்களிடமும் இருக்கிறது.

வித்தியாசம் என்ன? பார்ப்பது நாம் செய்யும் வேலை. கண்ணைத் திருப்புகிறோம், ஒன்றின் மேல் வைக்கிறோம், அங்கேயே வைத்திருக்கிறோம். வேண்டாமென்றால் நிறுத்தலாம். காண்பது நாம் செய்வதல்ல, நமக்கு நேர்வது. கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, முன்னால் ஒரு பொருள் இருக்கிறது, அது நம் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான். செய்யாத வேலையைச் 'செய்துகொண்டிருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் 'ஐ ஆம் சீயிங் த சீ' ஆங்கிலக் காதுக்கு உறுத்துகிறது. தமிழிலும் 'நான் கடலைக் கண்டுகொண்டிருக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், அதே உறுத்தல் நம் காதிலும் கேட்கும். 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் லுக்கிங் அட் த சீ' என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை.

நம் பேச்சில் தினமும் வரும் ஒரு வசனத்தைப் பாருங்கள். வீட்டுத் திறப்பைத் தேடுகிறோம். "எல்லா இடமும் பார்த்தனான், காணேல்ல." முதல் பாதியில் பார், இரண்டாம் பாதியில் காண். முயற்சி நம்முடையது, முடிவு நம் கையில் இல்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வசனம் உடைந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஐ லுக்ட் எவ்ரிவெயார், பட் ஐ டிட்ன்ட் சீ இட்'. அதே கட்டு, அதே வரிசை.

பஸ் நிறுத்தத்திலும் இதே கதைதான். மொறட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓடுவது 101, பாணந்துறையிலிருந்து வருவது 100. இரண்டும் காலி வீதியில்தான் ஓடுகின்றன. இரவில், மழையில், எதிரே வரும் பஸ்ஸின் போர்ட்டை உற்றுப் பார்க்கிறோம், இலக்கம் மட்டும் பிடிபடவில்லை. 'ஐ லுக்ட் அட் த போர்ட், பட் ஐ குட்ன்ட் சீ த நம்பர்.' இந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன். 'லுக்' வந்தால் பின்னால் 'அட்' வரவேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'சீ'க்குப் பின்னால் எதுவும் வேண்டாம், பொருள் நேரே வந்து உட்காரும். 'சீ அட் த போர்ட்' என்று எழுதாதீர்கள்.

'தெரியுது' என்ற பெரிய உதவி

சரி, 'ஐ ஆம் சீயிங்' கூடாது. அப்படியென்றால் இந்த நிமிடம் கடல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை எப்படிச் சொல்வது? 'ஐ கேன் சீ த சீ.' ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த நிமிடக் காட்சிக்குப் பெரும்பாலும் 'கேன்' போட்டுத்தான் சொல்வார்கள்.

இந்தக் 'கேன்'தான் நம்மவர்களைக் குழப்புகிறது. 'கேன்' என்றால் 'முடியும்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதனால் 'ஐ கேன் சீ' என்பதை 'என்னால் பார்க்க முடியும்' என்று எடுத்துக்கொள்கிறோம். 'எனக்குக் கண் நல்லாத்தானே இருக்கு, முடியும் எண்டு ஏன் சொல்லவேணும்?' என்று ஒரு அக்கா வகுப்பில் கேட்டார். அவருடைய சந்தேகம் சரியானது, மொழிபெயர்ப்புத்தான் பிழை. 'ஐ கேன் சீ'க்குத் தமிழ் 'எனக்குத் தெரியுது'.

கண் பரிசோதனைக்குப் போனவர்களுக்கு இது உடனே பிடிபடும். சுவரில் எழுத்து அட்டை. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்துகள். நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹேர்மன் ஸ்நெலன் 1862ல் வடிவமைத்த அட்டையின் வழிவந்தது அது. 6 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கவேண்டும் என்பதால்தான் நம் ஊர்த் துண்டில் 6/6, 6/12 என்று எழுதித் தருகிறார்கள். அங்கே நிற்பவர் தமிழில் என்ன கேட்பார்? "இந்த வரி தெரியுதா?" 'பார்க்கிறீங்களா?' என்று கேட்கவே மாட்டார், நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 'கேன் யூ சீ திஸ் லைன்?' நமது பதில் 'தெரியேல்ல' என்றால் 'நோ, ஐ கான்ட் சீ இட்'. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொன்னால் அவர் சொல்வது 'லுக் அகெய்ன்'. 'சீ அகெய்ன்' என்று சொல்லமாட்டார். பார்க்கச் சொல்லிக் கட்டளையிடலாம், தெரியச் சொல்லிக் கட்டளையிட முடியாது.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது ஊன்றுகோலும் இருக்கிறது. சிங்களத்தில் 'பேனவா' என்றால் தெரிகிறது, 'பலனவா' என்றால் பார்க்கிறது. தெருவில் நின்று 'பேனவத?' என்று கேட்டால் 'தெரியுதா?' என்றுதான் பொருள். அதே இடத்தில் 'பலனவா' போட்டால் வேறு கேள்வி ஆகிவிடும். ஆக, இந்த ஊரில் சந்தைக்குப் போய்வரும் ஒரு சாதாரண மனிதருக்கு இந்த வேறுபாடு இரண்டு மொழிகளில் ஏற்கெனவே பழக்கம். மூன்றாவது மொழியில் மட்டும் அதை ஏன் புதிதாகக் கற்கவேண்டும் என்று நினைக்கிறோமோ தெரியவில்லை.

'தெரியுது' என்ற வசனங்களில் ஆளுக்கு 'கு' வருகிறது என்பதைக் கவனியுங்கள். எனக்குத் தெரியுது, அம்மாவுக்குத் தெரியேல்ல. 'நான்' என்று தொடங்கினால் வேலை, 'எனக்கு' என்று தொடங்கினால் அனுபவம். வாயில் வரும் தமிழ் 'எனக்கு' என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் 'இங்' போடத் துணியாதீர்கள். எல்லா இடத்திலும் பொருந்தும் விதி என்று சொல்லமாட்டேன், ஆனால் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

சிலவேளை தமிழில் ஆளே இருக்காது. 'மொட்டை மாடிக்குப் போனால் தாமரைக் கோபுரம் தெரியும்.' யாருக்கு? யார் போனாலும். ஆங்கில வசனத்துக்கு எழுவாய் கட்டாயம் வேண்டும், அதனால் அங்கே பொதுவாக ஒரு 'யூ' வந்து நிற்கும்: 'யூ கேன் சீ த லோட்டஸ் டவர் ஃப்ரொம் த ரூஃப்.' அந்த 'யூ' உங்களைச் சுட்டுவதல்ல. ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான கோபுரம், எவருக்கும் தெரியும்.

சீ, சோ, சீன்

உருவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்காலம் 'சீ', இறந்தகாலம் 'சோ', மூன்றாவது 'சீன்'. கடலைக் குறிக்கும் சொல்லும் இந்தச் 'சீ'யும் ஒரே ஒலி, எழுத்து மட்டும் வேறு. நாடகக் காட்சியைச் சொல்லும் 'சீன்' என்ற சொல்லும் இந்தச் 'சீன்' போலவே ஒலிக்கும், ஆனால் அது கிரேக்கத்திலிருந்து வந்த வேறு சொல்.

அடிக்கடி காணும் பிழை 'டிட் யூ சோ ஹிம்?' மற்றும் 'ஐ டிட்ன்ட் சோ'. இங்கேயும் தமிழைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கண்டேன்' என்கிறோம். மறுக்கும்போது 'கண்டவில்லை' என்கிறோமா? இல்லை, 'காணவில்லை'. மறுப்புச் சொல் வந்தவுடன் வினை தன் இறந்தகால உடுப்பைக் கழற்றிவிட்டு 'காண' என்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் 'டிட்' வந்தவுடன் 'சோ' மறுபடி 'சீ' ஆகிவிடுகிறது. இறந்தகாலத்தை 'டிட்' சுமக்கிறது, இரண்டு பேர் சுமக்கத் தேவையில்லை.

'ஐ ஹேவ் சீன்' என்பது நம் 'கண்டிருக்கிறேன்'. "உங்களை எங்கேயோ கண்டிருக்கிறன்" என்று கல்யாண வீட்டில் சொல்கிறோமே, அதுதான்: 'ஐ ஹேவ் சீன் யூ சம்வெயார்.' எப்போது என்று நாள் குறித்துவிட்டால் தமிழிலும் 'நேற்றுக் கண்டிருக்கிறன்' என்று சொல்வதில்லை, 'நேற்றுக் கண்டனான்' என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் நேற்று வந்தால் 'ஐ சோ யூ யெஸ்டர்டே'. 'ஐ ஹேவ் சீன் யூ யெஸ்டர்டே' என்பது நேர்முகத் தேர்வுகளில் நம் பிள்ளைகள் அதிகம் விடும் பிழைகளில் ஒன்று என்பது என் அனுபவம்.

'லுக்', 'வொட்ச்' இரண்டும் 'பார்'தான் என்று சொன்னேன். அவற்றுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. அசையாமல் இருப்பதன் மேல் கண்ணை வைத்தால் 'லுக் அட்': படம், கடிதம், விலைச்சீட்டு, ஒருவருடைய முகம். அசைவதை, மாறுவதை, அடுத்து என்ன நடக்கும் என்று தொடர்ந்து பார்த்தால் 'வொட்ச்': மேட்ச், டீவி, விளையாடும் குழந்தை. கோட்டை ரயில் நிலையத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் 'என் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ' என்றால், பை அசையாவிட்டாலும் 'வொட்ச்' தான், ஏனென்றால் அதற்கு ஏதும் நேர்ந்துவிடுமோ என்று கவனிக்கச் சொல்கிறோம். 'குட் யூ வொட்ச் மை பேக்?'

ஆடிவேல் ஊர்வலத்தை வைத்தும் இதைச் சொல்லலாம். காலி வீதியோரம் இரண்டு மணிநேரம் நின்று, மேளமும் காவடியும் தேரும் ஒவ்வொன்றாகக் கடப்பதைப் பார்த்தவர் 'ஐ வொட்ச்ட் த வேல் ப்ரொசெஷன்' என்று சொல்லலாம். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது யன்னல் வழியே ஒரு கணம் கண்ணில் பட்டவர் 'ஐ சோ' என்பார். சினிமாப் படத்துக்கு இரண்டும் செல்லும். தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததை 'ஐ சோ எ ஃபில்ம்' என்றும், வீட்டில் இருந்து பார்த்ததை 'வொட்ச்' போட்டும் சொல்வது பொதுவான வழக்கம். டீவிக்கு 'சீ' வராது. 'ஐ ஆம் சீயிங் டீவி' என்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

'க்ரொஸ்', 'க்ரொஸிங்'

இப்போது சொல்லப்போவது சின்ன விஷயம் போல இருக்கும், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒருவர் ஒன்றைச் செய்வதை நாம் கண்டோம் என்று சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் உண்டு. 'ஐ சோ ஹிம் க்ரொஸ் த ரோட்.' 'ஐ சோ ஹிம் க்ரொஸிங் த ரோட்.' முதலாவதில் அவர் இந்தப் பக்கத்தில் இறங்கியது முதல் அந்தப் பக்கத்தில் ஏறியது வரை முழுவதையும் கண்டோம். இரண்டாவதில் நாம் கண்ட நேரத்தில் அவர் நடுவீதியில் இருந்தார். தொடக்கத்தையோ முடிவையோ காணவேண்டும் என்றில்லை. 'அவர் வீதியைக் கடந்ததைக் கண்டனான்', 'அவர் வீதியைக் கடக்கேக்க கண்டனான்'. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் அது.

ஒரு வருடத்துக்கு முன் என் வகுப்புக்கு வரும் ஒருவர் வீதி விபத்து ஒன்றைக் கண்டுவிட்டு, தான் கண்டதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டிய நிலைக்கு வந்தார். 'ஐ சோ த வேன் ஹிட் த மேன்' என்று எழுதியிருந்தார். "அடிபட்ட அந்தக் கணத்தை நீங்கள் கண்டீர்களா?" என்று கேட்டேன். "இல்லை மிஸ், சத்தம் கேட்டுத்தான் திரும்பினனான். ஆள் கீழ விழுந்து கிடந்தவர்." அப்படியென்றால் அவர் கண்டது 'ஐ சோ த மேன் லையிங் ஒன் த ரோட்' மட்டும்தான். சத்தத்தைக் கேட்டது 'ஐ ஹேர்ட்'. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள் நம்மவர்கள். கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்பதையாவது பிரித்து எழுதினால்தான் விசாரிப்பவர் தீர விசாரிக்க முடியும். வினையின் ஒரு 'இங்' ஒரு மனிதருடைய வழக்கையே திருப்பிவிடக்கூடும். இலக்கணத்தை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்லிக்கொடுப்பதற்கு இப்படியான நாள்களும் காரணம்.

டொக்டரிடம் காட்டுவதும், பார் தரும் தொல்லைகளும்

'சீ'யுடன் 'இங்' வரவே வராதா? வரும், பொருள் மாறும்போது. 'சந்திப்பது' என்ற பொருளில் 'சீ' ஒரு செயல் ஆகிவிடுகிறது, அப்போது தாராளமாக 'இங்' சேரும். 'ஐ ஆம் சீயிங் த டொக்டர் அட் ஃபைவ்' என்றால் ஐந்து மணிக்கு டொக்டரைச் சந்திக்க ஏற்பாடு என்று பொருள்.

இங்கே நமக்கு இரண்டு பழக்கங்கள் குறுக்கே வருகின்றன. நாம் 'டொக்டரிட்டக் காட்டினனான்' என்போம். நோயைக் காட்டுகிறோம், பிள்ளையைக் காட்டுகிறோம். அதனால் 'ஐ ஷோட் த டொக்டர்' என்று வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நோயாளிதான் டொக்டரை 'சீ' பண்ணவேண்டும்: 'ஐ சோ எ டொக்டர்.' மற்றது, 'சனல் பண்ணுவது', அதாவது டொக்டரைச் சந்திக்க முன்கூட்டியே நேரம் பதிவது. கொழும்பில் 'சனல் பண்ணிட்டன்' என்றால் எல்லோருக்கும் விளங்கும், இலங்கை ஆங்கிலத்திலும் அது இயல்பான சொல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் லண்டனுக்கோ டொரொண்டோவுக்கோ போய் 'ஐ சனல்ட் எ டொக்டர்' என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார். அங்கே 'ஐ ஹேவ் என் அப்போய்ன்ட்மென்ட் டு சீ எ டொக்டர்' என்று சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஆள் பெயருடன் 'ஐ ஆம் சீயிங் ஹிம்' என்று மட்டும் சொன்னால், அவரோடு காதல் பழக்கம் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லிவைப்பேன். மேலதிகாரியைச் சந்திக்கப் போவதானால் 'ஐ ஹேவ் எ மீட்டிங் வித் ஹிம்' பாதுகாப்பு.

அப்புறம் 'ஐ சீ'. யாராவது ஒன்றை விளக்கும்போது ஆங்கிலக்காரர் இடையிடையே 'ஐ சீ' என்பார், 'நான் பார்க்கிறேன்' என்று அல்ல. நம் 'ஓ, விளங்குது'. இந்தப் பாய்ச்சலும் நமக்குப் புதிதல்ல. 'விளங்கு' என்ற சொல்லுக்கு ஒளிர்தல் என்றும் பொருள் உண்டு. ஒளிர்ந்தது விளங்குகிறது, கண்ணுக்குத் தெரிவதும் மனதுக்குத் தெரிவதும் ஒரே 'தெரி'. கண்ணிலிருந்து அறிவுக்குப் போகும் பாதையை இரண்டு மொழிகளும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கும். 'வி வில் சீ' என்பதும் அப்படியே நம் 'பார்ப்போம்'. கேட்ட உதவியை மறுக்க மனமில்லாதவர் சொல்லும் 'பார்ப்போம்' உட்பட.

தமிழ் 'பார்' எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் 'சீ' வராது என்பதையும் சொல்லவேண்டும். வங்கியில் வேலை பார்ப்பவர் 'ஐ வேர்க்' என்பார். தம்பியைப் பார்த்துக்கொள்பவர் 'ஐ லுக் ஆஃப்டர் ஹிம்' என்பார். மழையில் படியிறங்கும் அம்மம்மாவிடம் 'பார்த்துப் போங்கோ' என்பதற்கு 'பி கேர்ஃபுல்'. 'சீ அண்ட் கோ' என்றால் அம்மம்மாவுக்கு மட்டும்தான் புரியும். சமைத்ததைச் 'சாப்பிட்டுப் பாருங்கோ' என்றால் 'ட்ரை இட்'. இந்தத் துணைவினைப் 'பார்' கண்ணை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது, முயன்று பார் என்ற பொருளில்தான் வாழ்கிறது.

'காண்' கூட ஓரிடத்தில் ஏமாற்றும். கனவு காண்கிறோம் நாம். ஆங்கிலத்தில் கனவைக் காண்பதில்லை, வைத்திருக்கிறார்கள்: 'ஐ ஹேட் எ ட்ரீம்.' 'ஐ சோ எ ட்ரீம்' என்றால் அது தமிழ்க் கனவு.

மற்றப் புலன்களை ஒரு தரம் தொட்டுவிட்டு முடிக்கிறேன். காதுக்கும் இதே ஏற்பாடு: தானாகக் காதில் விழுவது 'ஹியர்', காது கொடுப்பது 'லிஸன் டு'. தொலைபேசியில் 'நான் கதைக்கிறது கேட்குதா?' என்றால் 'கேன் யூ ஹியர் மீ?' மூக்குக்கு வரும்போது ஆங்கிலம் கஞ்சத்தனம் பண்ணுகிறது. எனக்கு ஏதோ மணக்குது, நான் பூவை மணந்து பார்க்கிறேன், கறி மணக்குது. மூன்றுக்கும் ஒரே 'ஸ்மெல்'. நாக்குக்கும் தொடுகைக்கும் அப்படித்தான். பிரித்துச் சொல்ல அங்கே 'கேன்' மறுபடி உதவிக்கு வரும்: அடுப்படியில் ஏதோ கருகினால் 'ஐ கேன் ஸ்மெல் சம்திங் பேர்னிங்'.

கடைசியாக, இந்த ஊரில் நமக்கு அடிக்கடி தேவைப்படும் ஒரு சேர்க்கை: 'சீ ஓஃப்'. வழியனுப்புவது. வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில் எந்த மாடிவீட்டுக் கதவைத் தட்டினாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு யாரையாவது ஏற்றிவிடப் போய்வந்த கதை ஒன்று இருக்கும். 'ஐ வென்ட் டு ட்ரொப் மை பிரதர்' என்றால் வாகனத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன் என்பது மட்டும்தான். 'ஐ வென்ட் டு சீ மை பிரதர் ஓஃப்' என்றால் கூடவே போய், நின்று, விடைகொடுத்தேன் என்று ஆகும். 'மை பிரதர்' நடுவில் வருவதைக் கவனியுங்கள். 'அவரை' என்று சுருக்கினால் கட்டாயம் நடுவில்தான்: 'சீ ஹிம் ஓஃப்.'

இந்தப் பாடம் நடந்த வாரத்தில் இதை வைத்து ஒரு வசனம் எழுதிவரச் சொல்லியிருந்தேன். அந்தக் கடல் பார்த்த தம்பியின் அண்ணா அதற்கு முந்திய மாதம்தான் கனடாவுக்குப் போயிருந்தார். கொப்பியில் அவர் எழுதியிருந்தது: 'வி சோ ஹிம் ஓஃப் அட் த எயார்போர்ட். வி வொட்ச்ட் ஹிம் அன்டில் வி குட்ன்ட் சீ ஹிம்.' விமான நிலையத்தில் அண்ணாவை வழியனுப்பினோம். ஆள் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.